புளி மடித்துப் போன கடைசித் தாள்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்கு எனக்கு அரிசி மில் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது, பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் புத்தகங்கள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றையாவது என்னைப்போலப் படித்திருப்பார்களா என்றால், மாட்டார்கள். புத்தகம் என்றால் என்ன, அதை எப்படிப் படிக்க வேண்டும், எங்கே அதை நம்பக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரே வருஷத்தில் தெரிந்துகொண்டேன். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியாரும் வரவில்லை.

அது சண்டைக் காலம். பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் காடும் மலையும் நடந்து, புண்ணான காலோடு ஊர் வந்து சேர்ந்துகொண்டிருந்த சமயம். மண்ணெண்ணெய் கிடையாது. சீனி கிடையாது. காகிதம் அறவே கிடையாது. திருவரங்குளத்தில் சிவன் கோவிலுக்குக் கிழக்கே என் மளிகைக்கடை இருந்தது. தலையில் உப்பு மூட்டை சுமந்து தெருத் தெருவாகக் கூவி விற்றவன், ஒருத்தர் கையையும் எதிர்பாராமல் சொந்தத்தில் போட்ட கடை அது. காகிதம் இல்லையென்றால் மளிகைக்கடை இல்லை. வெல்லத்தை இலையில் கட்டலாம். கடுகையும் சீரகத்தையும் இலையில் கட்டினால் வாங்கியவள் வீடு போய்ச் சேருவதற்குள் பாதி தெருவில் கிடக்கும்.

அறந்தாங்கிச் சந்தையில் பழைய காகிதம் வாங்கி விற்கிற ராவுத்தர் ஒருவர் எனக்குப் பழக்கம். எல்லாக் கடைக்காரனும் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் நேராக என் கடைக்குத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். என் கைராசி அப்படி. வண்டி நிறையப் புத்தகம்.

“என்ன ராவுத்தரே, பள்ளிக்கூடத்தையே பிரிச்சுக் கொண்டாந்துட்டீங்களா?” என்றேன்.

“புதுக்கோட்டையில ஒரு பெரிய உத்தியோகஸ்தர் மவுத்தாப் போயிட்டாரு மொதலாளி. மகன் அம்புட்டையும் எடைக்குப் போட்டுட்டான். தாளைத் தொட்டுப் பாருங்க. கெட்டித் தாளு. கடுகு கூட வெளிய எட்டிப் பாக்காது.”

“உள்ள கதையெல்லாம் இருக்கும் போலருக்கே.”

“கதைக்குத் தனியா வெலை இல்லை. எடைக்கு எடை தாளு. கதை ஓசி.”

அப்படி ஓசியில் வந்ததுதான் என் படிப்பு.

எங்கள் தொழிலில் பொட்டலப் புத்தகத்துக்கு ஒரு முறை உண்டு. முன் அட்டையின் மேல்மூலையில் ஓட்டை போட்டு, சணலைக் கோத்து, தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுவோம். அட்டை சுவர்ப் பக்கம் இருக்கும். கைக்கு வருவது பின்பக்கம். ஆகவே கிழிப்பது எப்போதும் பின்னாலிருந்துதான். கடைசித் தாள் முதலில் போகும். வெயில் ஏறி வாடிக்கை குறைந்ததும் நான் புத்தகத்தை ஆணியிலிருந்து எடுத்து முன்னாலிருந்து படிப்பேன். எழுத்துக் கூட்டி, உரக்க வாய்விட்டுத்தான் படிப்பேன். வாய்க்குள் படிப்பதெல்லாம் திருட்டுப் படிப்பு. சாயங்காலம் வாடிக்கை வந்ததும் மறுபடி ஆணியில் மாட்டிவிடுவேன். முன்னாலிருந்து நான் படித்துக்கொண்டு வருவேன், பின்னாலிருந்து ஊர் கிழித்துக்கொண்டு வரும். நடுவில் எங்கேயோ இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். அத்தோடு அந்தப் புத்தகம் தீர்ந்தது.

இதைக் கேட்டுவிட்டு என் மூத்த மகன், “முடிவு தெரியாமப் படிக்கிறது ஒரு படிப்பாப்பா?” என்றான். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எவன் வேண்டுமானாலும் படிப்பான். முடிவே இல்லாமல் படித்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும் யாருக்கு மூளை இருக்கிறது என்று.

அந்த வருஷம் எனக்குப் பிடித்த புத்தகங்களைச் சொல்கிறேன். மாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று. அதைப் படித்துவிட்டு ஊரில் பலருடைய மாடுகளுக்குக் கோமாரி பார்த்தேன். பிழைத்ததும் உண்டு. அடுத்தது, யார் யாருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று மாதிரி போட்ட புத்தகம். மாமனாருக்கு மருமகன் எழுதுவதை மனப்பாடம் செய்து என் மாமனாருக்கு அப்படியே எழுதினேன். அவர் பயந்துபோய், என்னமோ ஏதோவென்று மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காசிக்கு யாத்திரை போன ஒருவர் எழுதிய புத்தகம் ரொம்பப் பிடித்தது. எந்த ஊரில் எந்தச் சத்திரம், எங்கே தண்ணீர் உப்பு, எங்கே திருடன் அதிகம் என்று விவரமாக எழுதியிருந்தார். கங்கையில் இறங்குகிறார். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். அங்கே தாள் இல்லை. திரும்பி வந்த கதை துவரம்பருப்போடு போய்விட்டது. புத்தகம் எழுதியிருக்கிறார் என்றால் திரும்பி வந்திருக்கத்தான் வேண்டும். புத்திக்குத் தெரிகிறது. ஆனால் எனக்கு அவர் இன்னும் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்கிறார். துப்பறியும் கதை ஒன்றில் பங்களாவில் கொலை நடக்கும். கொலைகாரன் யார் என்று தெரிவதற்குள் அவன் கொத்துமல்லியோடு யார் வீட்டுக்கோ போய்விட்டான். ஒரு வாரம் எனக்கு ஒவ்வொரு வாடிக்கைக்காரரையும் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

உச்சிப்பொழுதில் தெருவில் ஈ காக்கை இருக்காது. கோவில் பக்கம் நடை சாத்தியிருக்கும். நான் படித்து நிறுத்தியதும் கடைக்குள் ஒரு மௌனம் வரும் பாருங்கள், அது வெறும் மௌனம் இல்லை. ஆட்கள் இருந்தும் பேசாமல் இருக்கிற மௌனம். கதை நின்ற இடத்தில் அந்தந்த ஆட்கள் அப்படியே நின்றுகொண்டு, அடுத்து என்ன செய்வது என்று என் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் எதற்கும் பயந்தவனில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் ஒரு வாடிக்கை வந்து காலணாவுக்கு உப்புக் கேட்டால் கூடச் சந்தோஷமாக எழுந்து போடுவேன்.

என் வீட்டுக்காரிக்கு எழுத்து வாசனை கிடையாது. என் படிப்பைக் கண்டால் சிரிப்பாள்.

“அரைக் கதை அரைக் கதையாப் படிச்சு அரைக் கிறுக்கா ஆகப்போறீங்க.”

“ஒனக்கு என்னடி தெரியும்? இந்த ஊர்ல இம்புட்டுப் புத்தகம் படிச்சவன் எவன் இருக்கான்?”

“படிச்சதையெல்லாம் கிழிச்சு வித்தவனும் நீங்க ஒருத்தர்தான்.”

இப்படிச் சுள்ளென்று பேசுவாளே ஒழிய, மரியாதை தவறாது. எனக்கு வாக்கப்பட்ட நாள் முதல் “நீங்க” என்ற சொல் மாறியதில்லை. கோபத்தில் கூட. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி வெயிலில் ஊரில் அம்மை வந்தது. சின்ன அம்மை இல்லை, பெரியம்மை. தெற்குத் தெருவில் இரண்டு வீட்டில் சாவு. பிறகு ஒரு காலையில் என் வீட்டுக்காரி மேலெல்லாம் வலிக்கிறது என்று படுத்தாள். இரண்டு நாளில் முகம் கை கால் எங்கும் முத்துப் போட்டுவிட்டது. நாங்கள் நோய் என்று சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை கட்டினேன். கடையைச் சாத்தினேன். அடுப்பில் தாளிப்பு இல்லை. யாரும் உள்ளே வர மாட்டார்கள். அம்மன் கோவில் பூசாரி மட்டும் வேப்பிலையும் தீர்த்தமும் கொண்டுவருவார். அவர் என் வீட்டுக்காரிக்கு அண்ணன் முறை. உள்ளே வந்து நிற்பார், தெளிப்பார், போவார். அம்மை வீட்டை விட்டுப் போகிறவர்கள் வாரேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேச்சுக்கு நடுவில் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். அதுவே வீட்டுக்கு ஒரு மாதிரியான வெறுமையைக் கொடுத்தது.

அவளை உள் அறையில் வாழையிலை பரப்பிப் படுக்க வைத்திருந்தேன். அந்த அறையில்தான் எங்கள் நெற்குதிர் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் மண்குதிர். நெல்லெல்லாம் லெவியாகச் சர்க்காருக்கு அளந்து கொடுத்த வருஷம் அது. குதிர் வெறுமையாக இருந்தது. வெறும் குதிர் இருக்கிற அறையில் பேசினால் பேச்சு கொஞ்சம் தாமதித்து நமக்கே திரும்பி வரும்.

அவளுக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டது. சொறிந்துவிடக் கூடாது என்று கையில் துணி சுற்றிக் கட்டியிருந்தேன். உச்சி வேளையில்தான் எரிச்சல் தாங்காமல் புரளுவாள். ஒரு நாள் அவளாகவே கேட்டாள். என் படிப்பைக் கண்டு சிரித்தவள் கேட்டாள்.

“எதையாச்சும் படிங்க. காதுலயாச்சும் எதாவது விழட்டும்.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடையிலிருந்து, ஆணியில் தொங்கிய புத்தகத்தை எடுத்துவந்தேன். அது பெரிய எழுத்துக் கதைப் புத்தகம். ஒரு வணிகன் தன் புது மனைவியை வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறி வியாபாரத்துக்குப் போகிறான். அவன் தாய்க்கு மருமகளைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் அவளை வெறும் குதிருக்குள் இறக்கி மூடியைச் சாத்திவிடுகிறாள். அந்த இடத்தில் படம் ஒன்று உண்டு. குதிருக்கு அடியில் நெல் எடுக்கிற ஓட்டை. அதன் வழியாக நாலு விரல்கள் வெளியே தெரியும். அந்தப் படத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் அசையாமல் கேட்டாள். புரளவே இல்லை. நான் ஏற்ற இறக்கமாகப் படித்தேன். என் குரலுக்கு அப்போது நல்ல கனம் உண்டு. வணிகன் திரும்பி வருகிறான். என் மனைவி எங்கே என்கிறான். தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்கிறாள் தாய். அவன் காத்திருக்கிறான். உச்சிப்பொழுது. வீட்டில் ஓசை இல்லை. அப்போது குதிருக்குள் யாரோ நகத்தால் சுரண்டுகிற சத்தம். அவன் ஏணி போட்டு ஏறி, குதிரின் மூடிமேல் கையை வைக்கிறான்.

அங்கே தாள் முடிந்துவிட்டது. மீதி எல்லாம் புளி மடித்துப் போயிருந்தது.

“அப்புறம்?” என்றாள்.

“அம்புட்டுத்தான் இருக்கு” என்றேன்.

புத்தகத்தை மூடி வைத்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

“படிடா” என்றது.

அவள் குரல்தான். ஆனால் அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. நான் முன்பே சொன்னேன், கோபத்தில் கூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் பூசாரி வந்தார். வாசலில் நிறுத்திச் சொன்னேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன மாப்ளே, இம்புட்டுப் படிச்ச ஆளு, இது தெரியாதா? ஆத்தா இருக்கிற வீட்டுல கதை எடுத்தா மங்களம் சொல்லி முடிக்கணும். பாதியில நிப்பாட்டலாமா? கேக்க ஒக்காந்துருச்சுன்னா முடிவு கேக்காம எந்திரிக்காது.”

“எந்திரிக்கலைன்னா?”

“அவ மேலதான மாப்ளே ஒக்காந்திருக்கு” என்றார். உள் அறைப் பக்கம் பார்க்காமல் சொன்னார். நான் திரும்புவதற்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை அந்தத் தாளைத் தேடிக் கிளம்பினேன். அந்த வாரம் புளி வாங்கியவர்கள் யார் யார் என்று எனக்கு மனப்பாடம். என் ஞாபகசக்தி அப்படி. ஆனால் அம்மை வீட்டு ஆள் யார் வாசலிலும் நிற்க முடியாது. தெரு நடுவில் நின்று கத்த வேண்டியிருந்தது.

“அண்ணே, அங்கிட்டே நில்லுங்க, அங்கிட்டே நில்லுங்க! என்ன வேணும்?” என்றாள் ஒருத்தி, கதவிடுக்கில் ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு.

“புளி மடிச்சுக் குடுத்த தாளு இருக்காம்மா?”

“அதை அப்பவே அடுப்புல போட்டாச்சுண்ணே. ஏன், தாளையும் நிறுத்துப் போட்டுட்டீங்களா? திருப்பிக் கேக்குறீங்க.”

எல்லார் வீட்டிலும் அடுப்புத்தான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். முடிவு போனால் போகட்டும். முடிவு கட்டத் தெரியாதவனா நான்? அந்தத் துப்பறியும் கதைக்கே கொலைகாரனை நானாகக் கண்டுபிடித்தவன். புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு, தாள் இருக்கிற மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். வணிகன் மூடியைத் திறந்தான். உள்ளே அவள் உயிரோடு இருந்தாள். குதிரின் அடியில் மிஞ்சிக் கிடந்த நெல்லைக் கொறித்தே பிழைத்திருந்தாள். அவன் அவளைத் தூக்கி வெளியே விட்டான். தாய் அவள் காலில் விழுந்தாள். மழை பெய்தது. சுபம், மங்களம்.

வாழையிலைமேல் இருந்து பதில் வந்தது.

“அது இல்லடா.”

அடுத்த நாள் உச்சியில் வேறு விதமாகச் சொன்னேன். திறந்து பார்த்தான், அவள் செத்துக் கிடந்தாள், அவன் காவி கட்டிக்கொண்டு தேசாந்தரம் போனான். சொல்லும்போது எனக்கே கண்ணீர் வந்தது. “அது இல்லடா” என்றது. அதற்கு மறுநாள், உள்ளே மனுஷி இல்லை, தங்கத்தால் ஆன அம்மன் சிலை இருந்தது, ஊரே கோவில் கட்டியது என்று சொன்னேன். ஆத்தாவுக்கே பிடிக்கட்டும் என்று கட்டிய முடிவு அது. சிரிப்பு வந்தது. வீங்கிய முகத்தில் உதடு அசையாமல், தொண்டைக்குள்ளிருந்து மட்டும் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் குதிருக்குள் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது.

அவள் நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. முத்து தொண்டைக்குள்ளும் இறங்கிவிட்டது. இளநீர் விட்டால் கடைவாயில் வழிந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பூசாரி அன்று வாசலிலேயே நின்று, வேப்பிலைக் கொத்தை என் கையில் கொடுத்தார். உள்ளே வரவில்லை.

“என்ன மாப்ளே, முடிச்சியா?”

“நான் சொல்றது எதுவும் பிடிக்கலைங்குது.”

“நீ சொன்னா எப்படிப் பிடிக்கும்? ஒன் கதையா அது? ஒனக்குத் தெரியலைன்னு சொல்லு. வாயைத் தொறந்து சொல்லு. அந்தச் சொல்லு மட்டும் ஒன் வாயில வராதே மாப்ளே!”

அது நிஜம். அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாவாரத்தில் சொல்லக் கூடாத சொல் அது. ஒரு சரக்கு எங்கே கிடைக்கும் என்றால் கூட, தெரியாது என்று சொல்லாமல் நாளைக்கு வாங்க என்பேன்.

உள்ளே போனேன். உச்சி வெயில் கூரை ஓட்டிடுக்கு வழியாகக் குதிர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் கை இரண்டும் துணிக்கட்டோடு வயிற்றின்மேல் இருந்தது. ஆனால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எலியாக இருக்கும். நெல்லே இல்லாத குதிரில் எலிக்கு என்ன வேலை என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் கால்மாட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கட்டிய மனைவி காலில் விழுந்தேனா என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

“ஆத்தா, எனக்குத் தெரியலை. இந்தக் கதை எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரியாது. நீயே சொல்லிட்டு எந்திரிச்சுப் போ. இவளை விட்டுரு.”

சுரண்டல் நின்றது. பிறகு மெள்ளச் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னது.

“அவன் மூடி மேல கையை வச்சான்ல? வச்சானா, அப்ப அடுக்களையில இருந்து அவன் பொண்டாட்டி கூப்புட்டா. எலை போட்டாச்சு, சாப்புட வாங்கன்னு. அவ கொரலுதான். உள்ள சுரண்டுறதும் அவதான். ரெண்டையும் கேட்டான். கேட்டுட்டு நின்னான். பசியாயிருந்துச்சு அவனுக்கு. கையை எடுத்தான். எறங்கிச் சாப்புடப் போயிட்டான். அம்புட்டுத்தான் கதை. மங்களம் சொல்லு.”

நான் மங்களம் சொன்னேன். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் தப்பில்லாமல் சொன்னேன். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். இதுதான் கடைசி மூச்சு என்று நினைத்து மூக்கில் விரலை வைத்தேன். மூச்சு இருந்தது. சாயங்காலம் உடம்பு வேர்த்தது. மறுநாள் இரண்டு சங்கு மோர் உள்ளே போனது. முத்து வாடத் தொடங்கியது. ஊரில் அந்த அளவுக்குப் போட்டவர்களில் எழுந்து உட்கார்ந்தது அவள் ஒருத்திதான். அதற்குக் காரணம் வைத்தியமில்லை, என் படிப்புத்தான் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று பூசாரி வந்து வேப்பிலையை அவிழ்த்தார். அவள் மஞ்சள் பூசிக் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் அவள் படுத்திருந்த அறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். பழைய வாழையிலைகளை அள்ளும்போது குதிருக்குள் சுரண்டல் கேட்டது. எலிதான், எலி இல்லாமல் வேறென்ன என்று ஏணியைச் சாத்தி ஏறினேன். மூடியில் கை வைத்தேன்.

“எலை போட்டாச்சு. சாப்புட வாங்க” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

தொண்டையெல்லாம் முத்துப் போட்டு ஆறியிருந்ததால் குரல் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. கரகரவென்று இருந்தது. அம்மை கண்டவர்களுக்கு அப்படி ஆகும், எல்லாரும் சொல்வார்கள். “வாங்க” என்றுதான் சொன்னாள். பழைய மரியாதை வந்துவிட்டது. நான் எவ்வளவு நேரம் ஏணியில் நின்றேன் என்று தெரியாது. எத்தனையோ நாளாக உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டவன். தாளித்த வாசனை வந்தது. கையை எடுத்தேன். இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த அறுவடையில் முதல் நெல் வந்ததும் அவளே நெற்குதிரை வாய்வரை நிரப்பி, மூடியைச் சுற்றிச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டாள். என்னைத் தொடவிடவில்லை. நெல் எடுக்கிற அடி ஓட்டையையும் அடைத்துவிட்டாள். சாப்பாட்டுக்கு வேறு நெல் வாங்கிக்கொண்டோம்.

அப்புறம் எங்கள் வாழ்க்கை நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். முகத்தில் தழும்பு விழுந்ததே ஒழிய, குடும்பம் நடத்துவதில் அவளுக்கு ஈடு கிடையாது. ஒன்றே ஒன்று மாறியது. என் படிப்பைப் பார்த்துச் சிரித்தவள், இப்போது தினமும் உச்சி வேளையில் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, படிங்க என்பாள். நல்ல புத்தகமாக வாங்கி முழுசாகப் படித்தேன். சண்டை முடிந்து காகிதம் வந்துவிட்டது, கிழிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கடைசிப் பக்கம் வரும்போது எழுந்து போய்விடுவாள். “முடிவு எனக்கு வேணாம்” என்பாள்.

சில வருஷம் கழித்துக் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு திருவிழாவுக்குச் சரக்குக் கடை போட்டிருந்தேன். பக்கத்தில் ஒருவன் சாக்கை விரித்துப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் விற்றுக்கொண்டிருந்தான். அந்தக் குதிர் கதையும் இருந்தது. முழுசாக, கடைசித் தாளோடு. காசு கொடுத்து வாங்கி, நின்ற இடத்திலேயே பின்னாலிருந்து திறந்து படித்தேன்.

வணிகன் மூடியைத் திறந்தான். உள்ளே அவள் உயிரோடு இருந்தாள். மிஞ்சிய நெல்லைக் கொறித்துப் பிழைத்திருந்தாள். அவன் அவளைத் தூக்கி வெளியே விட்டான். தாய் அவள் காலில் விழுந்தாள். மழை பெய்தது. சுபம்.

நான் முதல் நாள் என் புத்தியால் கட்டிச் சொன்ன அதே முடிவு. ஒரு சொல் கூடக் குறைவில்லை. இரண்டாம் வகுப்புப் படித்தவன் சொன்னது அச்சில் இருக்கிறது! முதலில் எனக்குத் தலைகால் புரியாத பெருமைதான் வந்தது. வண்டியேறிப் பாதி வழி வந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. நான் சரியான முடிவைச் சொன்னபோதுதானே “அது இல்லடா” என்றது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவிடாமல், வழியை மறித்து உட்கார்ந்து, கடைசித் தாளை உரக்கப் படித்தேன். நான் படித்து முடிக்கிறவரை அவள் சுளகை நிறுத்தவில்லை.

“பாத்தியா? தொறந்தானாம். உள்ள உசிரோட இருந்தாளாம். வெளிய தூக்கி விட்டானாம். அச்சிலயே போட்டிருக்கு.”

சுளகில் இருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை.

“அச்சடிச்சவன் அந்த வீட்டுலயா இருந்தான்?” என்று கேட்டுவிட்டு, அரிசியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.